மாமாவின் லாட்ஜும் குழிமந்தி தேடுபவர்களும்

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம். போன சனிக்கிழமை இங்கே டொரான்டோவில் ஒரு நண்பர் வீட்டில் சாப்பாடு. பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: "தஞ்சாவூர்ல தம்பி இன்வெர்ட்டர் பேட்டரி கடை வெச்சிருக்கான். மாசா மாசம் இருநூறு டாலர் அனுப்பறேன், கூகுள் விளம்பரத்துக்கு."

"பலன் எப்படி?"

"அது தெரியல. ஆனா ரிப்போர்ட் ரொம்ப நல்லா வருதாம்."

வாயில் வைத்த வடை அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் 2024 பிப்ரவரி வரை நானும் வார்த்தை மாறாமல் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரில் இருக்கும் தம்பிக்கோ, மச்சானுக்கோ, மாமாவுக்கோ "ஆன்லைன் மார்க்கெட்டிங்" என்று பணம் அனுப்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பீர்கள். இது உங்களுக்காகத்தான்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, எண்பதுகளில் சிவகங்கைப் பக்கத்திலிருந்து சென்னை வந்து கப்பல் ஏறி மூன்று நாளில் அந்தமானில் இறங்கியவர். போனவர் போனவர்தான். (அந்தமானில் தமிழர்கள் எக்கச்சக்கம். 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ்.) வண்டூரில் கொஞ்சம் வயல் வாங்கி நெல்லும் காய்கறியும் போட்டார். வண்டூர் போர்ட் பிளேரிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் தேடுகிற ஜனம் இன்னமும் போர்ட் பிளேர் என்றுதான் அடிக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

2004 டிசம்பர் 26. தெற்கு அந்தமானின் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. மாமாவின் வயலில் உள்ளே வந்த கடல் திரும்பிப் போகவில்லை. ஓதம் ஏறினால் உப்புத் தண்ணீர், வற்றினால் சேறு. மேட்டில் மிஞ்சிய கொஞ்ச இடத்தில் பல வருஷம் யோசித்து, கடன் வாங்கி, ஆறு அறை கட்டினார். வயல் போட்ட சோற்றை அந்த ஆறு அறைதான் இப்போது போட வேண்டும். விளம்பரத்தில் வீணான ஒவ்வொரு ரூபாயும் அந்தக் கடனிலிருந்து போன ரூபாய் என்பதால்தான் இவ்வளவு புலம்புகிறேன்.

2023 நவம்பர், சீசன் ஆரம்பம். அறை காலியாகக் கிடக்கிறது என்று மாமா சொன்னதும் என் குற்ற உணர்ச்சி விழித்துக்கொண்டது. நமக்கெல்லாம் அது எப்போதும் அரைத்தூக்கத்தில்தானே இருக்கும்! "நான் பார்த்துக்கறேன் மாமா" என்று வீராப்பாகச் சொல்லி, ஒரு ஏஜென்சியைப் பிடித்தேன். பெயர் வேண்டாம், இப்படி ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தினம் ஐந்நூறு ரூபாய் விளம்பரத்துக்கு, மாதம் ஐயாயிரம் அவர்களுக்கு. தினசரி பட்ஜெட் என்பது மாதத்துக்கு 30.4 மடங்கு என்று கணக்கு, ஆக 15,200. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மாமா ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர், அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஏஜென்சிக் கூலியும் சேர்த்தால் மாதம் இருபத்து மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. சீசனில் மாமாவின் அறை ஒரு இரவுக்கு ஆயிரத்து எண்ணூறு. நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி ரிப்போர்ட் வண்ண வண்ணமாக வந்தது. "கன்வெர்ஷன்" 212 என்று போட்டிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மாமாவுக்குப் போன் போட்டேன். "மாமா, இருநூத்திப் பன்னெண்டு பேர் வந்திருக்காங்களாமே!"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "மாப்ள, நம்மகிட்ட இருக்கிறதே ஆறு ரூம்பு."

நான் பிழைப்புக்குச் செய்வது இன்டர்னல் ஆடிட். மற்றவர்கள் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன், சொந்த மாமா கணக்கில் மூன்று மாதம் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கே ஏஜென்சியிடம் அக்கவுன்ட்டுக்குள் நுழைய அனுமதி கேட்டேன். இழுத்தடித்துக் கொடுத்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் இணையதளத்தின் "தொடர்புக்கு" பக்கத்தை ஒருவர் திறந்தாலே ஒரு கன்வெர்ஷன் என்று எண்ணும்படி வைத்திருந்தார்கள். கடை வாசலில் நின்று போர்டைப் படித்தவனையெல்லாம் வியாபாரக் கணக்கில் எழுதுவது மாதிரி.

இந்த இடத்தில் தேடல் விளம்பரம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நிமிஷம். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். 1998-ல் அமெரிக்காவில் கோடூ என்ற கம்பெனி ஆரம்பித்து வைத்த யோசனை: ஒரு சொல்லை யாராவது தேடினால் விளம்பரம் காட்டு, க்ளிக் செய்தால் மட்டும் காசு வாங்கு, எவ்வளவு என்பதை ஏலத்தில் முடிவு செய். கூகுள் 2000-ல் ஆட்வேர்ட்ஸ் என்று தொடங்கி, 2002-ல் இந்த க்ளிக் ஏலத்துக்கு வந்தது. 2018-ல் பெயர் கூகுள் ஆட்ஸ் ஆனது. நாம் கொடுப்பது "கீவேர்ட்". ஆனால் ஜனங்கள் தட்டுவது வேறொன்று. நாம் கொடுத்த சொல்லுக்கும் அவர்கள் தட்டிய சொல்லுக்கும் முடிச்சுப் போடுவது இயந்திரம். முடிச்சை எவ்வளவு தளர்வாகப் போடலாம் என்பதற்கு ப்ராட், ஃப்ரேஸ், எக்ஸாக்ட் என்று மூன்று நிலை. காசு போவது நாம் கொடுத்த சொல்லுக்கு அல்ல, அவர்கள் தட்டிய சொல்லுக்கு. அந்தப் பட்டியலுக்கு "சர்ச் டெர்ம்ஸ்" என்று பெயர்.

மூன்று மாதமாக அந்தப் பட்டியலை ஒருத்தர்கூடத் திறக்கவில்லை. ஏஜென்சிக்காரர் திறக்கவில்லை, நான் திறக்கவில்லை. மாமாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

திறந்தேன். சனி இரவு ஒன்பது மணி, வெளியே பனி கொட்டுகிறது, அங்கே ஞாயிறு காலை ஏழரை. மாமா வாட்ஸ்அப்பில் இருக்கிறார். நான் ஒவ்வொன்றாக வாசிக்கிறேன்.

"வண்டூர் ஹோட்டல் பிரியாணி."

"வண்டூர் குழிமந்தி."

"வண்டூர் நிலம்பூர் பஸ் டைம்."

"வண்டூர் தாலுகா ஆஸ்பத்திரி."

"மாமா, வண்டூர்ல குழிமந்தி கிடைக்குமா?"

"இங்கயா? மீன் கொழம்பு கிடைக்கும்."

அப்புறம்தான் உறைத்தது. கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில், நிலம்பூர் தாலுகாவில், ஒரு வண்டூர் இருக்கிறது. சட்டமன்றத் தொகுதியே அந்தப் பெயரில் உண்டு. பக்கத்தில் வாணியம்பலம் ரயில்வே ஸ்டேஷன். மாமாவின் வண்டூரைவிடப் பல மடங்கு ஜனம், பல மடங்கு செல்போன். தென்னிந்தியாவில் நமக்கும் மலையாளிகளுக்கும் "ஹோட்டல்" என்றால் சாப்பாட்டுக்கடை. ஏஜென்சி போட்டிருந்த முதல் கீவேர்டே "வண்டூர் ஹோட்டல்", அதுவும் ப்ராட் மேட்சில், இந்தியா முழுமைக்கும். மலப்புரத்தில் பசியோடு மந்தி தேடிய அத்தனை பேருக்கும் மாமாவின் கடலோர அறை காட்டப்பட்டிருக்கிறது. சிலர் க்ளிக்கும் செய்திருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கும் சோறு கிடைக்கவில்லை, எங்களுக்கும் காசு போச்சு.

இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தது தற்செயல் இல்லை. 1921-ல் மலபாரில் மாப்பிள்ளைக் கிளர்ச்சி நடந்தது. ஏறநாடு, வள்ளுவநாடு பக்கத்திலிருந்து பிடிபட்டவர்களில் பலரை அந்தமானுக்கு நாடு கடத்தினார்கள். பிற்பாடு குடும்பங்களையும் வரவழைத்து நிலம் கொடுத்துக் குடியேற வைத்தார்கள். அவர்கள் காடு திருத்திய இடங்களுக்கு விட்டு வந்த ஊர்களின் பெயரையே வைத்தார்கள். அதனால்தான் தெற்கு அந்தமானில் இன்றைக்கும் ஒரு காலிகட், ஒரு மஞ்சேரி, ஒரு திரூர், ஒரு மலப்புரம், ஒரு வண்டூர். திரும்பிப் போகவே முடியாது என்று தெரிந்தவர்கள் ஊரைப் பெயராகவாவது கூட வைத்துக்கொண்டார்கள். (இங்கே ஸ்கார்பரோவில் நம்மவர் கடைப் பெயர்ப் பலகைகளைப் பார்க்கிற எவருக்கும் இது புரியும்.) அந்த ஏக்கம் நூறு வருஷம் கழித்து என் மாமாவின் விளம்பர பில்லில் வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆடிட்டர் புத்தி, விடுமா? ஒரு மாதச் செலவு 15,200 ரூபாயையும் பிரித்து எழுதினேன். 4,300 தேடலுக்கே போகவில்லை, டிஸ்ப்ளே நெட்வொர்க் என்று ஏதேதோ செல்போன் விளையாட்டுகளுக்கு நடுவே போயிருக்கிறது. கேரள வண்டூர் 3,600. ஜாலி பாய் டிக்கெட், படகு நேரம் வகையறா 2,700. "வண்டூர் முதலை", "அந்தமான் ஹோட்டல் வேலை", "ஹேவ்லாக் ஸ்கூபா" போன்ற சில்லறை 1,400. எந்தச் சொல்லுக்கு என்று காட்டாத செலவு 1,900. நிஜமாகவே வண்டூரில் தங்க இடம் தேடியவர்களுக்குப் போனது மிச்சம் 1,300 ரூபாய்.

ஜாலி பாய் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அதில்தான் மாமா என்னை மடக்கினார். வண்டூர் படகுத்துறைதான் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்கு வாசல். 1983-ல் அறிவிக்கப்பட்ட பூங்கா. கண்ணாடித் தரைப் படகில் பவளப்பாறை பார்க்க ஜாலி பாய் தீவுக்கு இங்கிருந்துதான் போக வேண்டும். மழைக்காலம் வந்தால் ஜாலி பாயை மூடிவிட்டு ரெட் ஸ்கின் தீவைத் திறப்பார்கள். பிளாஸ்டிக் பாட்டிலோடு ஏற விடமாட்டார்கள். நான் என்ன நினைத்தேன்? இவ்வளவு பேர் ஜாலி பாய் தேடுகிறார்கள், இவர்கள்தானே நம் வாடிக்கையாளர்கள், இதை விலக்கக் கூடாது என்று நினைத்தேன்.

மாமா சிரித்தார். "மாப்ள, ஜாலி பாய் போறவன் காலைல டவுன்லேர்ந்து வண்டில வருவான், படகு ஏறுவான், சாயங்காலம் வண்டி ஏறிப் போயிருவான். அவனுக்கு ரூம்பு எதுக்கு? முப்பது வருசமாப் பார்க்கிறேன், ஜெட்டில எறங்கி நம்ம வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தவன் ஒருத்தன் கெடையாது."

"அப்ப யார்தான் தங்கறாங்க?"

"பறவை பாக்க வர்றவுங்க. சத்தமில்லாத எடம் வேணும்னு வர்ற வயசானவுங்க. வடக்கு வண்டூர் ஆராய்ச்சி நிலையத்துல படிக்கிற புள்ளைகளோட அப்பா அம்மா."

வடக்கு வண்டூரில் ஆனெட் என்று ஒரு நிலையம் உண்டு. மகாபலிபுரம் சாலையில் முதலைப் பண்ணை நடத்துகிறார்களே, அந்த மெட்ராஸ் முதலைப் பண்ணை அறக்கட்டளை அமைத்தது. பவளம், ஆமை, காடு என்று ஆராய்ச்சி செய்ய இளைஞர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நானாக யோசித்திருந்தால் ஏழு ஜென்மத்துக்கும் இந்த வாடிக்கையாளர் என் கீவேர்ட் பட்டியலில் வந்திருக்க மாட்டார்.

அடுத்த வேலை விலக்குச் சொற்கள், அதாவது நெகட்டிவ் கீவேர்ட். இந்தச் சொல் தேடலில் இருந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே என்று சொல்லும் பட்டியல். உற்சாகமாக அடித்தேன்: கேரளா, மலப்புரம், நிலம்பூர், வாணியம்பலம், மந்தி, பிரியாணி, பஸ், ஆஸ்பத்திரி, வேலை, டிக்கெட். (விலக்குச் சொல்லில் ஒருமை வேறு, பன்மை வேறு. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றையும் அதுவாகப் புரிந்துகொள்ளாது. தனித்தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.) அடுத்து "மஞ்சேரி" என்று வாசித்தபோது மாமா குறுக்கே வந்தார்.

"டேய், மஞ்சேரி நம்ம பக்கத்து ஊருடா. திரூரும் நம்ம பக்கம்தான். அதையும் வெட்டிப்புடாத."

அப்படியானால் மலப்புரம் மாவட்டத்தையே இடப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமா என்றால், அதுவும் கூடாது என்றார். கல்யாணமான கையோடு அந்தமான் வருகிற மலப்புரத்து ஜோடிகள் உண்டு. அதில் சிலர் பாட்டனாரின் சொந்தக்காரர்களைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள், அவர்கள் ஹேவ்லாக்கில் அல்ல, இந்தப் பக்கம்தான் தங்குவார்கள். ஆக ஆளை விலக்காமல் சொல்லை மட்டும் விலக்கினோம். "ஹோட்டல்" என்ற சொல்லைக் கீவேர்டிலிருந்து எடுத்துவிட்டு "தங்க அறை", "ஹோம்ஸ்டே" போன்றவற்றை அந்தமானோடு சேர்த்து எக்ஸாக்டிலும் ஃப்ரேஸிலும் மட்டும் போட்டோம். இங்கேதான் பெயர் மாற்றச் சமாச்சாரம். ஹேவ்லாக் 2018 டிசம்பரிலேயே ஸ்வராஜ் த்வீப் ஆகிவிட்டது. ஆனாலும் தேடுகிறவர் கையில் வருவது பழைய பெயர். போர்டில் புதுப் பெயர் இருக்கட்டும், கீவேர்டில் இரண்டும் இருக்கட்டும்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் ஆடிட்டர், எனக்குக் கணக்குத் தெரியும். ஏஜென்சிக்காரருக்குப் பொத்தான்கள் தெரியும். ஆனால் எந்தச் சொல் எங்கள் சொல், எது இன்னொருவர் சொல் என்பது வண்டூரில் முப்பது வருஷம் இருந்த மனுஷனுக்கு மட்டும்தான் தெரிந்தது. அவரை யாருமே கேட்டதில்லை, நான் உட்பட.

இப்போது என் கட்சியைச் சொல்கிறேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம் :-) சின்ன வியாபாரத்தின் தேடல் விளம்பரத்தில் பணம் வீணாவதற்குக் காரணம் ஏலத்தொகை அதிகம் என்பதோ, விளம்பர வாசகம் சரியில்லை என்பதோ அல்ல. வந்த சொற்களை ஊர் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வாசிக்காததுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

"இப்பல்லாம் ஏஐ பார்த்துக்கும் சார்" என்று ஏஜென்சி இளைஞர் சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை. எந்தத் தேடல் வியாபாரமாக மாறுகிறது என்று இயந்திரம் கற்றுக்கொண்டு ஏலத்தைத் தானே ஏற்றி இறக்கும். மாதம் ஆயிரக்கணக்கில் விற்கும் கம்பெனிக்கு அது பிரமாதமாக வேலை செய்யலாம். மாதம் ஒன்பது புக்கிங் வரும் லாட்ஜில் அது எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்? அதற்கு நாம் கொடுத்த பாடமே "தொடர்புக்கு பக்கம் திறந்தால் வியாபாரம்" என்ற பொய்ப் பாடம். அந்தப் பாடத்தை அது நன்றாகவே படித்தது, பக்கம் திறக்கிற ஆட்களாகத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தது!

கவலை தருவது இன்னொன்று. சின்னவர்கள் கையில் இருந்த கடிவாளங்கள் வருஷா வருஷம் தளர்ந்துகொண்டே வருகின்றன. எக்ஸாக்ட் என்றால் அட்சரம் பிசகாமல் அதே சொல் என்றிருந்தது போய், 2014-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக "அதே அர்த்தம்" வரை விரிந்துவிட்டது. 2020 செப்டம்பரிலிருந்து குறைவான பேர் தேடிய சொற்கள் ரிப்போர்ட்டில் காட்டப்படுவதில்லை. என் கணக்கில் அந்த 1,900 ரூபாய் இருட்டில் போனது அதனால்தான். 2021-ல் கூட்டல் குறி போட்டுச் சொல்லைக் கட்டிப்போடும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் சதி என்று நான் சொல்லமாட்டேன். பெரிய கணக்குகளை மனதில் வைத்துச் செய்தது, ஆறு அறைக் கணக்கில் அது கடிக்கிறது, அவ்வளவுதான். எங்கள் விஷயத்தில் எல்லாமே திரையில்தான் இருந்தது. பார்க்காதது நாங்கள்.

சொந்தப் பெயருக்கு விளம்பரம் போடுவது பற்றிக் கேட்பீர்கள். லாட்ஜ் பெயரையே ஒருவர் தேடினால் எப்படியும் நம் பக்கம் கீழே வரத்தானே போகிறது, மேலே காசு கொடுத்து விளம்பரம் எதற்கு? ஈபே கம்பெனி இதை 2012-ல் சோதித்துப் பார்த்தது. யாஹூ, எம்.எஸ்.என். தேடல்களில் தன் பெயருக்கான விளம்பரத்தை நிறுத்தினார்கள். இழந்த க்ளிக்குகளில் 99.5 சதவீதம் இலவசத் தேடல் முடிவு வழியாகவே திரும்பி வந்துவிட்டது. ப்ளேக், நாஸ்கோ, டடேலிஸ் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் 2015-ல் எக்கனாமெட்ரிகா இதழில் எழுதினார்கள். பெயர் அல்லாத சொற்களுக்கான விளம்பரத்தையும் சில பகுதிகளில் நிறுத்திப் பார்த்தார்கள். பழைய வாடிக்கையாளர்களிடம் வித்தியாசமே இல்லை, புதியவர்களிடமும் எப்போதோ வருகிறவர்களிடமும் மட்டும் பலன் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு மொத்த விளம்பரத்தையும் நிறுத்திவிடாதீர்கள். ஈபே பெயர் ஊருக்கே தெரியும். மாமாவுக்கு வருகிற எல்லோருமே புதியவர்கள்.

சின்னவர்களுக்கு இதில் வேறு ஒரு சிக்கல். நம் பெயரைத் தேடினால் மேலே புக்கிங் தளங்களும் போட்டிக்காரரும் வந்து நிற்கலாம். இது பெரிய இடத்துச் சண்டையும்கூட. சென்னையில் பாரத் மேட்ரிமோனி நடத்திய கன்சிம் கம்பெனி, தங்கள் பெயர்ச் சொற்களுக்குப் போட்டித் தளங்களின் விளம்பரம் வருகிறது என்று கூகுளையும் போட்டியாளர்களையும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2010-ல் வந்த உத்தரவில் கேட்ட இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. அவர்களே அப்படி என்றால் மாமா எங்கே போவது! நாங்கள் இரண்டு வாரம் பெயர் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தோம். போன் அழைப்பு குறையவில்லை. நிறுத்தியது நிறுத்தியதுதான். உங்கள் கடைக்கு வேறு மாதிரி ஆகலாம், இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எப்படித் தெரியும் என்றால், நோட்டு. மாமா கல்லாவில் ஒரு நாற்பது பக்க ஸ்கூல் நோட்டு வைத்திருக்கிறார். போன் வந்தால் தேதி, ஊர், "எங்கே பார்த்துக் கூப்பிடறீங்க" என்ற கேள்விக்குப் பதில், தங்கினாரா இல்லையா. நாலு கட்டம். ஏஜென்சி ரிப்போர்ட்டில் 212 என்றிருந்த அதே ஜனவரியில் எத்தனை போன் என்று பழைய பில் புத்தகத்தையும் செல்போனையும் வைத்துத் தோண்டிப் பார்த்தோம். விளம்பரம் பார்த்து வந்த புக்கிங் ஒன்பது. 23,000-ஐ ஒன்பதால் வகுத்தால் ஒரு புக்கிங்குக்கு 2,500 ரூபாய்க்கு மேல். முக்கால்வாசிப் பேர் தங்கியது ஒரே இரவு.

மற்ற ஓட்டைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தேடல் விளம்பரம்தான் போடுகிறோம் என்றால் டிஸ்ப்ளே நெட்வொர்க் பெட்டியில் டிக் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் எடுங்கள். "பரிந்துரைகளைத் தானாக ஏற்றுக்கொள்" என்பது ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், உங்களைக் கேட்காமலே கீவேர்ட் சேரும். பட்ஜெட் ஐந்நூறு என்றால் ஒரு நாளில் ஆயிரம் வரை போகலாம் என்பது விதி, மாதக் கணக்கில்தான் சரிக்கட்டுவார்கள், பதற வேண்டாம். இட அமைப்பில் "அந்த ஊரில் இருப்பவர்" என்றும் "அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்" என்றும் இரண்டு உண்டு. தஞ்சாவூர் பேட்டரிக் கடைக்கு முதலாவது மட்டும் போதும். இல்லாவிட்டால் டொரான்டோவில் உட்கார்ந்துகொண்டு தஞ்சாவூரைத் தேடும் நமக்கும் விளம்பரம் தெரியும். நாம் என்ன செய்வோம்? ஆஹா, தம்பி கடை விளம்பரம் வருகிறதே என்று பெருமையாக க்ளிக் செய்வோம். ஹி ஹி... நான் மாமாவின் விளம்பரத்தை நாலு தடவை அப்படி க்ளிக் செய்தவன். என் காசை நானே தின்றிருக்கிறேன். சும்மா பார்க்க வேண்டும் என்றால் அக்கவுன்ட்டுக்குள்ளேயே முன்னோட்டம் பார்க்கும் கருவி இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால், காசே வேண்டாத வேலை ஒன்று உண்டு. கூகுள் மேப்பில் கடையின் பதிவு, பிசினஸ் ப்ரொஃபைல் என்பார்கள். மாமா லாட்ஜின் புள்ளி அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு தென்னந்தோப்பில் நின்றுகொண்டிருந்தது. போன் நம்பர் பழசு. போட்டோ ஒன்றே ஒன்று, அதுவும் பக்கத்து வீட்டு மாடு. மாசம் இருபத்து மூவாயிரம் செலவழித்து வாசலுக்கு அழைத்த ஆளைத் தென்னந்தோப்புக்கு அனுப்பியிருக்கிறோம்! மாமா பெண் ஒரு மத்தியானத்தில் எல்லாவற்றையும் சரி செய்தாள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்த பிறகு அந்தமானில் இதெல்லாம் சுலபம். அதற்கு முன் சாட்டிலைட் காலத்தில் ஒரு போட்டோ ஏற்றுவதற்குள் இன்னொரு சீசன் வந்துவிடும்.

அந்த மார்ச்சில் ஏஜென்சியை நிறுத்தினோம். தினம் ஐந்நூறு, நூற்று இருபது ஆயிற்று. சீசனில் மட்டும். மழைக்காலத்தில் மூடிவிடுகிறோம். அடுத்த சீசனில் நோட்டுப்படி விளம்பரம் பார்த்து வந்த புக்கிங் மாதத்துக்கு ஏழு, எட்டு. முன்பைவிடக் குறைவுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் செலவு 23,000-இலிருந்து ஜி.எஸ்.டி. சேர்த்து 4,300-க்கு வந்துவிட்டது. பறவை பார்க்க வருகிறவர்கள் மூன்று நாள், நாலு நாள் தங்குகிறார்கள்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கு? இருநூறு டாலர் அனுப்பறது ஈஸி" என்றார். வாஸ்தவம்தான், பணம் அனுப்புவதுதான் நமக்கு ஈஸி. ஆனால் தம்பிக்குப் பேட்டரியைப் பற்றித் தெரிந்ததில் நூற்றில் ஒரு பங்கு அந்த ஏஜென்சிக்குத் தெரியுமா? "இன்வெர்ட்டர் பேட்டரி தண்ணி எவ்வளவு ஊத்தணும்" என்று தேடுகிறவன் ஏற்கெனவே பேட்டரி வாங்கிவிட்டவன் என்று தம்பி ஒரு நொடியில் சொல்லிவிடுவான். மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஒரு மணி நேரம், நீங்கள் வாசியுங்கள், அவர் சொல்லட்டும். முதல் மாதம் டாலரை நிறுத்தி வையுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. சாப்பிட்டு முடித்தபின் நண்பர் தம்பிக்கு மெசேஜ் போட்டார், அக்கவுன்ட் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டு. தம்பிக்கே தெரியாதாம். முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் ஞாயிறுப் பஞ்சாயத்து இன்னும் தொடர்கிறது. போன வாரப் பட்டியலில் "வண்டூர் பீச் முதலை இருக்கா" என்று மூன்று தேடல். விலக்கட்டுமா என்று கேட்டேன். மாமா யோசித்தார். "வேணாம் மாப்ள. வர நெனைக்கிறவன்தான் அதைக் கேப்பான். குளிக்க எறங்கக் கூடாதுன்னு நம்ம பக்கத்துல எழுதிப் போடு." எழுதிப் போட்டாயிற்று. அடுத்த வாரம் தண்ணீர் மோட்டாருக்கு விலை விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.